பச்சை உடம்பு

அன்புள்ள அக்கா,

என் நாத்தனாருக்கு 22 வயது. கல்யாணம் ஆகவில்லை. ஐந்து மாதத்துக்கு முன் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைகள் நலக் குழு முன்னால் முறைப்படி ஒப்படைத்துவிட்டோம். யாரும் வற்புறுத்தவில்லை, அவளே விரும்பித்தான் கையெழுத்துப் போட்டாள். ஆனால் மாதாமாதம் அந்தத் தேதி வந்தால் சாப்பிடுவதில்லை, யாரிடமும் பேசுவதில்லை. வரன் பார்க்க ஆரம்பித்திருக்கிறோம். கவுன்சிலிங் கூட்டிப் போனால் மறந்துவிடுவாளா? வெளிநாடுகளில் பெற்றவளும் வளர்ப்பவர்களும் தொடர்பில் இருப்பார்களாமே, அது நம் ஊருக்குச் சரிப்படுமா? அவள் படிக்க ஒரு நல்ல புத்தகமும் சொல்லுங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஊரையும் மற்ற விவரங்களையும் எடுத்துவிட்டுத்தான் வெளியிடுகிறேன். இரண்டு மாதமாக என் சித்தியைப் பற்றி எழுத உட்காருவதும் எழுந்துவிடுவதுமாக இருந்தேன். அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது.

முதலில் உங்களைத் திட்ட வேண்டும். 'விரும்பித்தான்' என்று எப்படி எழுத மனம் வந்தது? 2015ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டத்தின் 35ஆம் பிரிவை வாசித்துப் பாருங்கள். தன் கட்டுப்பாட்டை மீறிய உடல், மன, சமூகக் காரணங்களால் குழந்தையை ஒப்படைக்கிறவர் என்றுதான் அது பேசுகிறது. சட்டத்துக்குத் தெரிந்தது வீட்டில் இருக்கும் உங்களுக்குத் தெரியவில்லை. மனம் மாறினால் திரும்பி வா என்று அதே பிரிவு இரண்டு மாதம் அவகாசமும் கொடுக்கிறது. அந்த இரண்டு மாதத்தில் உங்கள் வீட்டில் யாராவது அவள் பக்கத்தில் உட்கார்ந்து 'உனக்கு என்ன தோணுது' என்று கேட்டீர்களா? கேட்டிருந்தால் கடிதத்தில் எழுதியிருப்பீர்கள்.

தத்துப் போன குழந்தை புது வீட்டில் எப்படி இருக்கிறது என்று ஆறு மாதத்துக்கு ஒரு முறை, இரண்டு வருடம் போய்ப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும் என்பது விதி. நல்ல விதி. பெற்றவளுக்கும் ஆலோசனை உண்டு, ஆனால் அது பெரும்பாலும் கையெழுத்துக்கு முன்னால். அதன் விளைவுகளை எடுத்துச் சொல்வதற்கு. அதற்குப் பிறகு அவள் வீட்டுப் படியேறி 'எப்படிம்மா இருக்கே' என்று கேட்க ஒருவரும் வருவதில்லை. 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. எத்தனையோ பெண் சிசுக்கள் அதனால் பிழைத்தன, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் தொட்டிலில் போட்டுவிட்டு இருட்டில் நடந்து போனவளுக்கும் மூன்றாம் நாள் மார்பில் பால் கட்டியிருக்கும்.

புத்தகம் எதுவும் வேண்டாம். வெளிநாட்டு முறையைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். அவள் பச்சை உடம்புக்காரி. நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்கு என்னவெல்லாம் செய்கிறோம்! பத்தியச் சாப்பாடு, பிரசவ லேகியம், வேது பிடித்துக் குளிப்பாட்டுவது, குளிர்காற்று படாமல் காதில் பஞ்சு. குழந்தை கையில் இல்லை என்றதும் அத்தனையும் நின்றுவிடுகிறது. பெறவே இல்லை என்பதுபோல மறு வாரமே எழுந்து வேலை செய்ய வேண்டும். அடி வயிற்றுக்கும் முதுகெலும்புக்கும் குழந்தையை யாரிடம் கொடுத்தோம் என்று தெரியுமா?

என் சித்திக்கு மூன்றாவதாகப் பிறந்த பையனை அவள் கொழுந்தனாருக்கு... இல்லை, மூத்தாருக்குச் சுவீகாரம் கொடுத்தார்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அன்றைய சட்டப்படி தத்துக் கொடுக்கும் உரிமை அப்பாவுடையது, அம்மா சம்மதம் சொன்னால் போதும். அம்மாவுக்கும் சம உரிமை வந்தது 2010இல்தான். சித்தப்பா வாக்குக் கொடுத்தார், சித்தி தலையாட்டினாள். பதினோராம் நாள் தூக்கிக்கொண்டு போனார்கள். எனக்கு ஒன்பது வயது. அன்று சாயங்காலம் பாட்டி என்னைக் கூப்பிட்டு நாலு முழம் மல்லிகைப்பூ வாங்கி வரச் சொன்னாள். பூக்காரம்மா 'வீட்ல என்ன விசேஷம்' என்று கேட்டாள். தெரியாது என்றேன். திரும்பி வந்தபோது பாட்டி கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பூவை சித்தியின் மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். பால் வற்றுவதற்கு. கதவிடுக்கில் பார்த்த எனக்குச் சித்தியின் முதுகுதான் தெரிந்தது.

அந்தப் பையன் அவளைச் சித்தி என்றுதான் கூப்பிட்டான், என்னைப் போலவே. அவன் லீவுக்கு வந்தால் 'பார்த்தா மனசு கேட்காது' என்று பாட்டி அவளை எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். பாட்டி கெட்டவள் இல்லை. மறப்பதுதான் மருந்து என்று நம்பினாள், உங்களைப் போல.

ஆஸ்திரேலியாவில் இதே நம்பிக்கை ஒரு கொள்கையாகவே இருந்தது. கல்யாணமாகாத பெண்கள் பிரசவிக்கும்போது குழந்தையைப் பார்த்துவிடாதபடி தலையணையையும் போர்வையையும் குறுக்கே பிடித்திருக்கிறார்கள். மார்பைக் கட்டி, பால் வற்ற மருந்து கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தாய்மார்கள் யாரும் மறக்கவில்லை. கிழவிகளான பிறகும் வந்து சாட்சி சொன்னார்கள். 2013 மார்ச் 21 அன்று பிரதமர் ஜூலியா கில்லார்ட் நாட்டின் சார்பில் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

சரி, உங்கள் கேள்வி. கவுன்சிலிங் கட்டாயம் கூட்டிப் போங்கள், மறக்கவைக்க அல்ல. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும். போகத் தயங்கினால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், அவளே பேசலாம். பிரசவம் ஆனதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். பேறுகாலத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு, குழந்தை மடியில் இல்லாதவளுக்கும் வரும். மருத்துவரிடம் அவள் தனியாகப் பேசட்டும், நீங்கள் வெளியே உட்காருங்கள். தரகரை இப்போதைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது பேச்சே கிடையாது.

அப்புறம், நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. நாலு பெண்கள் கூடினால் பிரசவக் கதை பேசாமல் இருப்போமா? எந்த நேரத்தில் வலி கண்டது, யார் ஆட்டோ பிடித்தது, நர்ஸ் என்ன சொன்னாள்... அந்தப் பேச்சு வரும்போது சித்தி எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள். முப்பத்தோரு வருடம் கழித்து ஒரு மத்தியானம் எங்கள் வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். மூணாவது பிரசவம் சுலபமா இருந்ததா சித்தி என்று ஏதோ ஒரு பேச்சில் கேட்டுவிட்டேன். "இதை இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்கலைடி" என்றாள். விடியக்காலை வலி எடுத்ததிலிருந்து ஆரம்பித்தாள். வெளியே மழை, விளக்கு போய்விட்டது, குழந்தை கொடி சுற்றி வந்தது, இடது காது மடங்கியிருந்தது. சொல்லி முடிக்கும்போது பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டார்கள்.

அடுத்த தேதி வருவதற்குள் உங்கள் நாத்தனாரிடம் கேளுங்கள். அவள் பேச மாட்டேன் என்றால் விட்டுவிட்டு, சாப்பாடு மட்டும் போட்டுப் பக்கத்தில் இருங்கள். எப்படி இருக்கிறாள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா