துருவை எங்கே நிறுத்துவது?

வணக்கம்.

கோவை வார்ப்படப் பட்டறை ஒன்றை மனத்தில் வைத்து அரூப ஓவியம் செய்தேன். மூன்றடிக்கு இரண்டடி கேன்வாஸ். லேத்தில் விழுந்த இரும்புச் சுருள், பொடி, வார்ப்பு மணல் எல்லாவற்றையும் தச்சர்களின் வெள்ளைப் பசையில் குழைத்துப் பூசி, வினிகரும் உப்பும் தெளித்துத் துருவேற்றினேன். மேலே ஆங்காங்கே வெள்ளை அக்ரிலிக். இரண்டே மாதத்தில் வெள்ளையில் பழுப்புக் கசிவு, சுருள்களும் உதிர்கின்றன. கறுப்புக்குத் தார் பூசச் சொல்கிறார் நண்பர். செய்யலாமா?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

தார் வேண்டாம். அது முழுசாகக் காய்வதே இல்லை. வெயிலில் இளகும், மேலே பூசிய நிறத்தையும் சேர்த்து இழுத்துப் பிளக்கும். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய ஓவியங்கள் பல இதனால்தான் முதலைத்தோல் மாதிரி வெடித்திருக்கின்றன. வார்ப்பு அச்சுக்குப் பூசும் கிராஃபைட் பொடி உங்கள் ஊரிலேயே கிடைக்குமே! அதை மேட் அக்ரிலிக் மீடியத்தில் (பளபளப்பில்லாத, நிறமி சேர்க்காத அக்ரிலிக் குழம்பு) குழைத்துப் பூசி, காய்ந்தபின் பழந்துணியால் தேய்த்தால் வார்ப்பிரும்பின் மங்கிய மினுமினுப்பு வந்துவிடும்.

சுருள் உதிர்வதற்கு முதல் காரணம் அதில் ஒட்டியிருக்கும் கூலன்ட் எண்ணெய். சோப்புத்தூள் கரைத்த வெந்நீரில் அலசி, தின்னரில் கழுவிக் காயவைக்காவிட்டால் எந்தப் பசையும் பிடிக்காது. வெள்ளைப் பசையோ ஈரம் பட்டால் மறுபடி இளகும். அதன் தலையில்தான் வினிகரைத் தெளித்திருக்கிறீர்கள். வார்ப்பு மணலில் பெரும்பாலும் பென்டோனைட் களிமண் கலந்திருக்கும். அது ஈரம் குடித்து ஊதும். கழுவிச் சலித்த ஆற்று மணல் ஒரு கிண்ணம் போதும். கேன்வாஸ் இந்தக் கனத்தைத் தாங்காது. 12 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட்டுக்கு மாறுங்கள்: பின்னால் சட்டம், இரு முகத்திலும் ஓரங்களிலும் பிரைமர். ஒரு பக்கம் மட்டும் பூசினால் பலகை வளையும்.

இனி கசிவு. உப்பு உள்ளேயே தங்கிவிட்டது. காற்றின் ஈரத்தை அது இழுத்துக்கொண்டிருக்கும்வரை துருவும் வளர்ந்துகொண்டே இருக்கும். அதன்மேல் நீரில் கரைத்த அக்ரிலிக்கைப் பூசியது, துருவுக்குத் தண்ணீர் வார்த்த கதை.

புதுப் பலகையில் ஜெல் மீடியத்தை (கெட்டியான அக்ரிலிக் பசை) இரண்டு மில்லிமீட்டருக்கு மிகாமல் பரப்பி, ஈரம் காயுமுன் இரும்புப் பொடியைத் தூவிக் கரண்டியால் அழுத்துங்கள். குழைத்தால் பசை பொடியை மூடிவிடும், துரு ஏறாது. ஒரு நாள் கழித்து, மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்ஸைடு 200 மில்லி, வினிகர் 25 மில்லி, உப்பு அரைத் தேக்கரண்டி கலந்து தெளியுங்கள். சில நிமிடங்களில் நுரைத்துச் சிவக்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், ஜன்னல் திறந்திருக்கட்டும். மிச்சத்தைப் புட்டியில் மூடி வைக்காதீர்கள், வாயு சேர்ந்து வெடிக்கும்.

வேண்டிய நிறம் வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த ஸ்பாஞ்சால் நாலைந்து முறை ஒற்றி உப்பை எடுங்கள். ஹேர் டிரையரால் உடனே உலர்த்தி, தின்னரில் கரையும் வார்னிஷ் இரண்டு கோட். நீர் வார்னிஷ் அடித்தால் துரு மறுபடி கிளம்பும். வெள்ளை வரவேண்டிய இடத்தில் மட்டும், துருவுக்கும் வெள்ளைக்கும் நடுவே அரக்குப் பாலிஷ் ஒரு கோட் கொடுங்கள், கறை மேலேறாது.

ஒன்று கேட்காமலே சொல்கிறேன். பட்டறை என்றதும் நட்டும் பல்சக்கரமும் ஒட்டுகிற ஆசை வரும். அது காயலான்கடைப் பலகையாகிவிடும். இத்தாலிய ஓவியர் ஆல்பெர்டோ புர்ரி 1950களின் இறுதியில் இரும்புத் தகடுகளைப் பற்றவைத்தே படம் செய்தார். பற்றவைத்த தழும்பும் தீக்கருகலும்தான் அங்கே கோடும் நிறமும்.

பழைய கேன்வாஸோடு போராட வேண்டாம். பசைக்குள் போன உப்பை வெளியே எடுக்க வழியில்லை.