புதிய தார், பழைய ஜீப்பின் வேலையைச் செய்யுமா?

கேள்வி: போடிமெட்டைத் தாண்டி எங்களுக்குச் சிறிய ஏலக்காய்த் தோட்டம் இருக்கிறது. அப்பா காலத்து மஹிந்திரா ஜீப் இனித் தேறாது என்று மெக்கானிக் கைவிரித்துவிட்டார். அதே நிறுவனத்தின் 'தார்' வண்டியை வாங்கலாம் என்றால், ஜீப் பிரியர்களான என் நண்பர்கள் அத்தனை பேரும், "2020-க்குப் பிறகு வந்தது தாரே இல்லை, அது டவுனில் ஓட்டுகிற கார்" என்கிறார்கள். பழைய தாரைத் தேடிப் பிடித்து வாங்கு என்பது அவர்களின் யோசனை. நான் எதை வாங்குவது?
– ஒரு வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: உங்கள் நண்பர்களின் ஆதங்கத்தை என்னால் தள்ளிவிட முடியவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்து அமெரிக்க ராணுவ வண்டியான வில்லிஸ் ஜீப்பிலிருந்து வழிவழியாக வந்த அந்த உருவம் மலைத் தோட்டங்களில் இரண்டு மூன்று தலைமுறைகளுக்குச் சோறு போட்டிருக்கிறது. 2010-இல் வந்த முதல் தார் அந்த மரபின் நேர் வாரிசு. 2020 அக்டோபர் 2 அன்று விற்பனைக்கு வந்தது, பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஏறக்குறைய எல்லாவற்றையும் மாற்றிக் கட்டப்பட்ட வண்டி. ஆனால் அவர்கள் அடுக்கும் குறைகளில் சில உங்கள் தோட்டத்துக்குப் பொருந்துபவை, சில நினைவின் பாசத்தில் சொல்லப்படுபவை. வாங்கப் போகிறவர் இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

முதலில், மலை ஏறும் திறமை குறைந்துவிட்டது என்ற பேச்சு சரியல்ல. பழைய தாரின் 2.5 லிட்டர் டீசல் எஞ்சின் 105 குதிரைத்திறன் தந்தது, புதியதின் 2.2 லிட்டர் டீசல் 130 தருகிறது, இழுவிசையும் 247-லிருந்து 300 நியூட்டன் மீட்டராகக் கூடியிருக்கிறது. கியர் தண்டின் அருகே 2எச் (இரு சக்கர இயக்கம்), 4எச் (நான்கு சக்கர இயக்கம்), என் (நியூட்ரல்), 4எல் (மெதுவாக, கூடுதல் இழுவிசையோடு நான்கு சக்கர இயக்கம்) என்று எழுதிய சிறிய தண்டு, நான்கு சக்கரங்களையும் எஞ்சின் இயக்கும் வகைகளில் அப்படியே இருக்கிறது. தரை இடைவெளி 226 மில்லிமீட்டர். 650 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரைக் கடக்கலாம் என்று நிறுவனமே சொல்கிறது. பின்புறப் பட்டை ஸ்பிரிங்குக்குப் பதிலாகச் சுருள் ஸ்பிரிங் வந்ததால், கல் பாதையில் இரண்டு மணி நேரம் ஓட்டி இறங்கினாலும் இடுப்பு பிடித்துக்கொள்ளாது.

"பழையதில் எலெக்ட்ரானிக்ஸ் கிடையாது, எந்தப் பட்டறையிலும் சரிசெய்யலாம்" என்பதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். பழைய தாரில் சி.ஆர்.டி.இ. வகையின் (மேலே சொன்ன 2.5 லிட்டர் எஞ்சின்) டீசல் பாய்ச்சலைக் கட்டுப்படுத்துவதும் கணினிதான். நண்பர்கள் அதற்கும் முந்தைய மஹிந்திரா ஜீப்பான எம்.எம். 540-ஐ மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

பம்பர் விஷயத்தில் அவர்கள் சொல்வது நியாயம். பழைய வண்டியின் இரும்பு பம்பர் பாறையில் இடித்து வளைந்தால், ஊர்ப் பட்டறையில் சம்மட்டியால் நாலு தட்டுத் தட்டி நிமிர்த்திக்கொண்டு மாலைக்குள் வீடு திரும்பலாம். புதியதின் பிளாஸ்டிக் பம்பர் உடைந்தால் மாற்றத்தான் வேண்டும். வண்டியின் அகலமும் ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர் கூடியிருக்கிறது. உங்கள் தோட்டப் பாதையில் ஆகக் குறுகலான இடத்தை ஒரு டேப்பால் அளந்துகொண்டு அதன் பிறகு ஷோரூமுக்குப் போங்கள்.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய இழப்பு உட்காரும் இடம். பழைய தாரில் பின்கதவைத் திறந்து ஏறினால், எதிரெதிரே போட்ட பெஞ்சுகளில் ஆட்கள் உட்காரலாம்; ஆளில்லாத நேரத்தில் ஏலக்காய் மூட்டைகளை அடுக்கலாம். இன்றைய மூன்று கதவுத் தாரில் நான்கு பேருக்குத்தான் இடம். பின்னிருக்கைக்குப் போக, முன்னிருக்கையை மடக்கி நகர்த்தி, இருக்கைக்கும் கதவுச் சட்டத்துக்கும் நடுவே உடம்பை ஒருக்களித்து நுழைய வேண்டும். வயதான அம்மாவையோ, கூடை சுமக்கும் தொழிலாளரையோ தினமும் அப்படி ஏறி இறங்கச் சொல்ல முடியாது. ஆர்.சி.யில் நான்கு பேர் என்றிருக்கும் வண்டியில் ஏழு பேரை ஏற்றி விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் தகராறு செய்யும் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஆனாலும் பழைய தாரைத் தேடிப் போங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அதில் ஏர்பேக் கிடையாது. பக்கவாட்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்கு மோதலின்போது பாதுகாப்பு என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. புதியது 2020 நவம்பரில் கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் பெரியவர்கள், குழந்தைகள் இரு பிரிவிலும் நான்கு நட்சத்திரம் பெற்றது. முன்னோக்கிய பின்னிருக்கை கொண்ட வகைக்கே அந்த மதிப்பீடு பொருந்தும். 2010-இல் பதிவான வண்டிகளுக்குப் பதினைந்து ஆண்டுகள் முடிந்துவிட்டன. தகுதிச் சான்று, பதிவுப் புதுப்பிப்பு, பசுமை வரி ஆகிய செலவுகள் உங்கள் தலையில் விழும். அடித்தகடு துருப்பிடித்திருந்தால் அதற்கு வேறு தனியாக அழ வேண்டும்.

நீங்களும் இன்னும் இரண்டு பேரும் போய்வரத்தான் வண்டி என்றால் நான்கு சக்கரங்களும் இயங்கும் புதிய தாரையே வாங்குங்கள். தினமும் ஆறேழு பேரை ஏற்ற வேண்டும் என்றால், 2024-இல் வந்த ஐந்து கதவு ஃபோர்ஸ் கூர்க்காவையும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். அதில் ஏழு இருக்கைகள் உண்டு, இரு அச்சுகளிலும் டிஃபரன்ஷியல் லாக் (ஒரு சக்கரம் வழுக்கிச் சுழன்றாலும் மறு சக்கரத்துக்கும் விசை போகச் செய்யும் பூட்டு) உண்டு. அதே ஆண்டு வந்த ஐந்து கதவு தார் ராக்ஸ் ஐந்து பேருக்கு வசதியான வண்டிதான். ஆனால் அதன் முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் மூன்று கதவுத் தாரின் 2450-லிருந்து 2850 மில்லிமீட்டராக நீண்டிருப்பதால், மேட்டின் முகட்டைக் கடக்கும்போது அடிவயிறு தட்டும் வாய்ப்பு மூன்று கதவு வண்டியை விட அதிகம்.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ஒரு தார் மலிவாக வருகிறது. எதைக் கவனிக்க வேண்டும்?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: அது நான்கு சக்கரங்களும் இயங்கும் வண்டிதானா என்று முதலில் பாருங்கள். 2023 ஜனவரியில் பின்சக்கரங்களை மட்டுமே இயக்கும் தாரும் விற்பனைக்கு வந்தது. "தாருக்கு அழகே அந்தத் தண்டுதானே" என்று ஆர்வலர்கள் கொதித்தது அதைப் பார்த்துத்தான். ஊருக்குள் ஓட்டுகிறவருக்கு அது போதும், விலையும் குறைவு; ஆனால் வெளித்தோற்றம் ஒன்றுபோலவே இருப்பதால் ஏமாற வழியிருக்கிறது. உள்ளே சிறிய தண்டு இருக்கிறதா, வண்டிக்கு அடியில் முன் அச்சுக்குத் தனியாக ஒரு ஷாஃப்ட் போகிறதா என்று குனிந்து பாருங்கள். 4எல்-இல் போட்டு ஓட்டிப் பார்ப்பதைத் தார்ச்சாலையில் செய்யாமல் மண் தரையில் செய்யுங்கள். முன், பின் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் கொடுக்கும் டிஃபரன்ஷியல் நடுவில் இல்லாத அமைப்பு என்பதால், பிடிமானமுள்ள சாலையில் திரும்பும்போது பற்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும். பின் அச்சில் இயந்திர லாக் உண்டா, அல்லது பிரேக் மூலம் சமாளிக்கும் ஏற்பாடா என்பது வகைக்கு வகை மாறும். அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: புதிய தாரில் இரும்பு பம்பர் மாட்டிப் பழைய களையைக் கொண்டுவரலாமா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: மாட்டாதீர்கள். வண்டிக்கு முன்னால் இரும்புக் காப்புச் சட்டம் பொருத்துவதற்கு எதிராக 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் நடவடிக்கை எடுக்கச் சொல்லிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் இத்தகைய மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. மோதலின் வேகத்தை உணர்ந்து ஏர்பேக்கை விரிக்கும் கணக்கையும் அந்த இரும்பு குழப்பிவிடக்கூடும். புதிய வண்டியின் விலைப் பட்டியலில் இத்தகைய பொருள்களை விற்பனையாளரே சேர்த்திருந்தால் நீக்கச் சொல்லுங்கள். எனக்கும் ஒரு ஷோரூமில் கேட்காத உதிரிப் பொருள்கள் 'கட்டாயம்' என்ற பெயரில் பட்டியலில் ஏறியிருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி விலை எழுதிக் கையொப்பமிட்டுத் தரும்படி கேட்ட பிறகே நீக்கினார்கள். உங்களுக்கு மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்யுங்கள்.