அப்பாவின் எம்.ஜி. காரை மாற்றிக்கொள்ளலாமா?

கேள்வி: என் அப்பா 1974-இல் வால்பாறையில் ஒரு தேயிலைத் தோட்ட மேலாளரிடம் வாங்கிய 1948-ஆம் ஆண்டு எம்.ஜி. டி.சி. ஸ்போர்ட்ஸ் கார் எங்கள் கோவை வீட்டில் நிற்கிறது. எட்டு மாதங்களுக்கு முன் அப்பா காலமானார். ஆர்.சி. அவர் பெயரில்தான் இருக்கிறது, காலாவதியும் ஆகிவிட்டது. 1980-களில் அசல் எஞ்சினைக் கழற்றிவிட்டு அம்பாசடர் எஞ்சினைப் பொருத்தினார். பழையது ஷெட்டில் கிடக்கிறது. பெங்களூருவில் பழைய கார்கள் சேகரிக்கும் ஒருவர், எம்.ஜி.யையும் ‘அந்தப் பழைய இரும்பையும்’ கொடுத்தால் தன் போர்ஷே பாக்ஸ்டர் காரைத் தருவதாகச் சொல்கிறார். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மீதியை அவரே பார்த்துக்கொள்வாராம். அம்மாவுக்குச் சம்மதம். ஆஸ்திரேலியாவில் இருக்கும் தங்கையோ, ‘விற்காதே என்று அப்பா சொன்னாரே’ என்கிறாள். வைத்துக்கொள்வதா, மாற்றிக்கொள்வதா?

பதில்: மாற்றிக்கொள்ள வேண்டுமானால் கார் முதலில் உங்களுடையதாக இருக்க வேண்டும். இன்றைய நிலையில் அது உங்களுடையது மட்டும் அல்ல. இந்து வாரிசுரிமைச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும் என்றும், அப்பா உயில் எழுதவில்லை என்றும் எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் அம்மா, நீங்கள், தங்கை மூவருக்கும் சம பங்கு. அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. ‘விற்காதே’ என்று வாயால் சொன்னது உயில் ஆகாது. ஆனால் தங்கையின் சம்மதம் இல்லாமல் அவர் பங்கை நீங்கள் கைமாற்ற முடியாது. ஆக, அப்பாவின் பேச்சு தங்கை வழியாக நிறைவேறிக்கொண்டிருக்கிறது.

உரிமையாளர் இறந்தால் 30 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதங்களுக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். தாமதத்துக்கு ஒரு தொகை கட்ட நேரும். அதனால் உரிமை போய்விடாது. இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபமின்மைப் பிரமாணப் பத்திரம் ஆகியவை தேவை. தங்கை தன் பத்திரத்தில் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பலாம்.

அடுத்தது எஞ்சின். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்து, ஆர்.சி.யோடு ஒப்பிடுவார்கள், எஞ்சின் எண்ணையும் பார்ப்பார்கள். எஞ்சின் மாற்றத்தை அப்பா ஆர்.சி.யில் பதிவு செய்திருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. அந்தக் காலத்தில் பெரும்பாலோர் செய்ததில்லை. செய்யவில்லை என்றால் அங்கேயே சிக்குவீர்கள். 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் பழமையான வண்டிகளுக்கான ‘விண்டேஜ்’ பதிவு வந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த, சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்கு அது கிடைக்கும். அது பத்தாண்டுகளுக்குச் செல்லும், ஏற்கெனவே பதிவான வண்டி என்றால் பழைய பதிவெண்ணையும் வைத்துக்கொள்ளலாம். அம்பாசடர் எஞ்சினோடு போய் நின்றால் நிராகரிக்க இடம் கொடுத்ததாகிவிடும்.

ஷெட்டில் கிடப்பதைப் போய்ப் பாருங்கள். அதில் எண்கோண வடிவப் பித்தளைத் தகடு ஒன்று ஆணியடித்து இருக்க வேண்டும். தூசியைத் துடைத்து அந்த எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். பொருந்தினால் அது காரோடு பிறந்த எஞ்சின், சேகரிப்பவர்களுக்கு அதுதான் மதிப்பு. அவர் எதற்காக ‘இரும்பை’ விட்டுவைக்காமல் கேட்கிறார் என்று புரியும்.

இனி அவருடைய யோசனை. நிரப்பாத படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது நம் ஊரில் சர்வசாதாரணம். எனக்குத் தெரிந்து இதைவிட ஆபத்தான பழக்கம் வண்டி வியாபாரத்தில் இல்லை. கார் எத்தனை கை மாறினாலும், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது.

காருக்குக் கார் என்பது சொத்து மாற்றுச் சட்டத்தின் 118-ஆம் பிரிவு சொல்லும் பரிவர்த்தனை. போர்ஷேயின் உரிமையில் கோளாறு வந்து அது உங்கள் கையை விட்டுப் போனால், 119-ஆம் பிரிவின்படி நஷ்ட ஈடு கேட்கலாம், அல்லது எம்.ஜி.யைத் திருப்பிக் கேட்கலாம். அவர் அதற்குள் எம்.ஜி.யை விலைக்கு விற்றிருந்தால் கார் திரும்பாது. பணத்துக்கு வழக்காடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். எனவே போர்ஷேயின் மேல் வங்கிக் கடன் பதிவு இருக்கிறதா, இருந்தால் படிவம் 35 கொடுத்து நீக்கியாயிற்றா என்று முதலில் பாருங்கள். கர்நாடகப் பதிவு என்றால் அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி இங்கே ஆயுள் வரி கட்ட வேண்டும். போர்ஷேக்கு அது சில்லறைத் தொகை இல்லை.

பணமே கைக்கு வராவிட்டாலும் வருமான வரி வரலாம், ஏனென்றால் பரிவர்த்தனையும் வரிச் சட்டத்தில் சொத்து மாற்றம்தான். சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த காருக்கு மூலதன ஆதாய வரி இல்லை. ஆனால் 1983-இல் 20,000 ரூபாய்க்கு வாங்கிய 1931-ஆம் ஆண்டு ஃபோர்டு காரை 21 லட்சத்துக்கு விற்றவருக்கு, அதைத் தானே பயன்படுத்தியதற்கு ஆதாரம் இல்லை என்று மும்பை உயர் நீதிமன்றம் 2025-இல் வரிவிலக்கை மறுத்துவிட்டது. அப்பா ஓட்டியதற்கான காப்பீட்டுத் தாள்கள், மெக்கானிக் ரசீதுகள், புகைப்படங்களை எடுத்து வையுங்கள். இதில் ஒரு வேடிக்கை: விண்டேஜ் பதிவு பெற்ற காரைக் கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல், பராமரிப்பு தவிர வேறெதற்கும் சாலையில் எடுக்கக் கூடாது. அந்தப் பதிவில் பல ஆண்டுகள் வைத்திருந்து விற்றால், சொந்த உபயோகம் என்று வரி அதிகாரியிடம் வாதாடுவது கடினம். விலக்கு கிடைக்காவிட்டால் நீண்டகால ஆதாயத்துக்கு 12.5 சதவீதம்.

இந்தப் பரிவர்த்தனைக்கு உடன்படாதீர்கள் என்பதே என் கருத்து. தங்கை விரும்பினால் அவர் பங்குக்கும் சேர்த்துக் காரை வைத்துக்கொள்ளுங்கள். அவரும் விற்கலாம் என்றால் பெயரை மாற்றி, அசல் எஞ்சினை ஏற்றி, எண்கள் பொருந்தும் காராக வங்கி வழிப் பணத்துக்கு விற்றுவிடுங்கள். போர்ஷேதான் வேண்டும் என்றால் அந்தப் பணத்தில் வாங்கிக்கொள்ளலாம். அதுவரை பெங்களூருக்காரர் எஞ்சினை மட்டும் ‘பார்த்துவிட்டுத் தருகிறேன்’ என்று கேட்டாலும் கொடுக்காதீர்கள். மூன்றாம் நபர் காப்பீடு உயிரோடு இல்லாமல் தெருமுனைவரைகூட வண்டியை எடுக்க வேண்டாம்.