டெஸ்ட் கவரேஜ் 100 சதவீதம் இருக்கும்போது ஃபார்மல் வெரிஃபிகேஷன் எதற்கு? டூல் 'ப்ரூவ்டு' என்று சொன்னால் பிழையே இல்லை என்று அர்த்தமா?

கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பின்னதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை, 'ப்ரூவ்டு' என்றால் பிழையே இல்லை என்று அர்த்தமில்லை. நீங்கள் எழுதிக்கொடுத்த விதி, நீங்கள் எழுதிக்கொடுத்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு, எந்தச் சூழ்நிலையிலும் மீறப்படாது என்று மட்டும்தான் அர்த்தம். ஆனால் அந்த 'எந்தச் சூழ்நிலையிலும்' இருக்கிறதே, எத்தனை டெஸ்ட் எழுதினாலும் அது கிடைக்காது. சிப் டிசைனில் ஃபார்மல் வெரிஃபிகேஷன்தான், அதாவது டிசைன் ஒரு விதியை மீறாது என்று கணிதத்தால் நிரூபிப்பதுதான், என் அன்றாட வேலை. அதனால் உதாரணங்கள் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலிருந்தே வரும். சாஃப்ட்வேரிலும் கதை அதேதான்.

கவரேஜ் 100 சதவீதம் என்றால் ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு கிளையும் ஒரு முறையாவது ஓடியிருக்கிறது. எந்த மதிப்புகளோடு ஓடியது, எதற்குப் பின் எது ஓடியது என்பதெல்லாம் அந்த எண்ணிக்கையில் வராது. இரண்டு 32 பிட் எண்களை வாங்கிக்கொண்டு ஒரு விடை தரும் சுற்றை எடுத்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு நூறு கோடி ஜோடி எண்களைக் கொடுத்துச் சோதித்தாலும் எல்லா ஜோடிகளையும் முடிக்கச் சுமார் 585 ஆண்டுகள் ஆகும். முந்தைய கிளாக்கில் (சிப்பை ஒவ்வொரு படியாக நகர்த்தும் துடிப்பில்) நடந்தது எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாத எளிய சுற்றுக்கே இந்தக் கணக்கு.

இது வெறும் கணக்குப் பயமுறுத்தல் இல்லை என்பதற்கு 1994-ல் வெளிவந்த பென்டியம் வகுத்தல் பிழையே சாட்சி. அமெரிக்காவின் லிஞ்ச்பர்க் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்த தாமஸ் நைஸ்லி, இரட்டைப் பகா எண்களை வைத்துச் செய்துகொண்டிருந்த கணக்கில் விடை ஒத்துவராமல், சந்தேகத்தை ஒவ்வொன்றாகக் கழித்துக் கடைசியில் சிப்பிடமே வந்து நின்றார். 4195835-ஐ 3145727-ஆல் வகுத்தால் 1.3338204 என்று வர வேண்டும். அந்தச் சிப் 1.3337390 என்றது. வகுத்தலுக்காக உள்ளே வைத்திருந்த அட்டவணையில் 1066 இடங்களில் மதிப்பு இருந்திருக்க வேண்டும், அதில் 5 இடங்கள் விடுபட்டுப் போயிருந்தன. மிக அரிதாகத்தான் கணக்கு அந்த ஐந்து இடங்களைத் தொடும். அதனால்தான் டெஸ்டிங்கில் தப்பியது. இன்டெல் இதற்காக ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர். அடுத்த ஆண்டே ஏஎம்டி தன் கே5 சிப்பின் வகுத்தல் முறையை ஏசிஎல்2 என்ற தேற்ற நிரூபணக் கருவியில் நிரூபித்துக்கொண்டது. எங்கள் துறைக்குக் கம்பெனிகளின் கதவு அகலத் திறந்தது அந்தக் காலத்தில்தான்.

டூல் உள்ளே என்ன செய்கிறது என்பதைச் சின்ன உதாரணத்தில் பார்த்துவிடுவோம். மெமரிக்கு டேட்டா போகும் ஒரே கம்பித் தொகுப்பை, அதாவது பஸ்ஸை, ஏ, பி என்று இரண்டு பிளாக்குகள் பங்குபோடுகின்றன. யாருக்கு எப்போது என்று முடிவு செய்யும் சுற்றுக்கு ஆர்பிட்டர் என்று பெயர். அதற்கு நாம் எழுதும் முதல் விதி: ஒரே கிளாக்கில் இருவருக்கும் கிராண்ட் (பஸ்ஸைப் பயன்படுத்த அனுமதி) போகக் கூடாது. டூல் சரிபார்க்க வேண்டிய விதியாக, அதாவது அசர்ஷனாக, எழுதினால் ஒரு வரி. டூல் அந்த டிசைன் முழுவதையும் பூலியன் சூத்திரமாக மாற்றிக்கொள்கிறது. அதோடு நம் விதிக்கு நேரெதிரானதை, அதாவது 'இருவருக்கும் கிராண்ட் போய்விட்டது' என்பதைச் சேர்த்து, இது உண்மையாகும்படி உள்ளீடுகளுக்கு மதிப்பு கொடுக்க முடியுமா என்று, அத்தகைய மதிப்புகளைத் தேடும் நிரலான சாட் சால்வரிடம் கேட்கிறது. ரீசெட்டுக்குப் பின் ஒரு கிளாக்கில் முடியுமா, இரண்டில் முடியுமா, மூன்றில் முடியுமா என்று தேடல் நீளும். முடியும் என்று பதில் வந்தால், வந்த மதிப்புகளே பிழையை வரவழைக்கும் வழி. இன்னொரு பக்கம், 'இந்தக் கிளாக்கில் விதி சரியாக இருந்தால் அடுத்த கிளாக்கிலும் சரியாகவே இருக்கும்' என்று காட்ட முடிந்தால் காலம் முழுமைக்கும் நிரூபணமாகிவிடும். பள்ளியில் படித்த கணிதத் தொகுத்தறிதல்தான் இது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். யாருக்குமே ஒருபோதும் கிராண்ட் கொடுக்காத ஆர்பிட்டரும் இந்த முதல் விதியை மீறவே மாட்டாது. டூல் பச்சை டிக் போட்டுவிடும். அதனால் இரண்டாவது விதி தேவை: கேட்டவருக்கு எப்போதாவது கிராண்ட் வந்தே தீர வேண்டும். முதல் வகை 'கெட்டது நடக்காது', இரண்டாம் வகை 'நல்லது நடந்தே தீரும்'. இரண்டாவதைச் சரிபார்க்கும்போதுதான், ஏ ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்தால் பி-க்கு முறையே வராமல் போகும் ஓட்டம் வெளியே வரும். 'எப்போதும்', 'எப்போதாவது' போன்ற சொற்களைக் கணிதமாக எழுத இன்று நாங்கள் பயன்படுத்தும் காலத் தர்க்கத்தை 1977-ல் நிரல்களுக்குக் கொண்டுவந்தவர் அமீர் ப்னுவேலி.

டூலை ஓட்டுவதைவிட விதி எழுதுவதுதான் கடினம் என்று நான் ஜூனியர்களிடம் அடிக்கடி சொல்வதற்குக் காரணம் இந்த ஆர்பிட்டர். விதியைவிட ஆபத்தானது நிபந்தனை. முதல் நாள் ஓட்டும்போது நடக்கவே முடியாத உள்ளீடுகளைக் கொடுத்து டூல் பிழை காட்டும். அதைத் தடுக்க, 'இப்படி ஒரு உள்ளீடு வராது' என்று அஸம்ப்ஷன் எழுதுவோம். அவசரத்தில் யாராவது 'ஏ-யும் பி-யும் ஒரே கிளாக்கில் கேட்க மாட்டார்கள்' என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? எல்லாம் சில நொடிகளில் பச்சை. ஆர்பிட்டர் எதற்காக இருக்கிறதோ அந்த ஒரே சூழ்நிலையை விலக்கிவிட்டு மீதியை நிரூபித்திருப்போம். ஆகவே நிரூபணம் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வந்தால் எனக்கு மகிழ்ச்சி வராது, சந்தேகம்தான் வரும். இருவரும் ஒன்றாகக் கேட்கும் காட்சி வர முடிகிறதா என்று கவர் எழுதிப் பார்ப்பது முதல் வேலை. எழுதிய ஒவ்வொரு அஸம்ப்ஷனையும் பக்கத்து பிளாக்கில் அசர்ஷனாக வைத்து நிரூபிப்பது அடுத்த வேலை. இரண்டாவதைத் தவிர்க்கும் டீம்கள் உண்டு. என்னால் அதை ஏற்றுக்கொள்ள முடிந்ததே இல்லை.

நிலைகளின் எண்ணிக்கை பெருகிப் போவது இந்தத் துறையின் பழைய எதிரி. 300 ஃபிளிப்-ஃபிளாப் (ஒரு பிட்டை நினைவில் வைக்கும் சுற்று) உள்ள டிசைனின் சாத்தியமான நிலைகள், காணக்கூடிய பிரபஞ்சத்தின் அணுக்களைவிட அதிகம். 1981-ல் எட்மண்ட் கிளார்க்கும் ஆலன் எமர்சனும் அமெரிக்காவிலும், அதையொட்டியே கெய்யும் ஜோசஃப் சிஃபாகிஸும் பிரான்சிலும், டிசைனின் நிலைகளையெல்லாம் டூலே தேடிச் சரிபார்க்கும் மாடல் செக்கிங்கைத் தொடங்கியபோது நிலைகளை ஒவ்வொன்றாகத்தான் எண்ணினார்கள். ராண்டல் பிரையன்ட் 1986-ல் பூலியன் சூத்திரங்களைச் சுருக்கி வைக்கும் பிடிடி என்ற அமைப்பைப் பிரபலப்படுத்த, அதை வைத்துக் கென் மெக்மில்லன் நிலைகளைக் கூட்டங்கூட்டமாகக் கையாளும் வழியைக் கண்டார். 1999-க்குப் பிறகு சாட் சால்வர்களின் காலம். கிளார்க், எமர்சன், சிஃபாகிஸ் மூவருக்கும் 2007-க்கான டியூரிங் விருது கிடைத்தது. இவ்வளவுக்குப் பிறகும் பெரிய பெருக்கல் சுற்றுகளில் சாதாரண டூல்கள் திணறும். அங்கே தேற்ற நிரூபணக் கருவிகளோடு மனிதர் உட்கார்ந்து வழிகாட்ட வேண்டியிருக்கிறது.

டெஸ்டிங்கில் கிடைக்காத இன்னொன்று, எதிருதாரணம். ஒரு ஃபிஃபோ (முதலில் வந்த டேட்டா முதலில் வெளியேறும் வரிசை) நிறைந்திருக்கும் கிளாக்கில் ஒரு பக்கம் எழுத்தும் மறு பக்கம் வாசிப்பும் சேர்ந்தே வருகின்றன, எண்ணிக்கையைக் காட்டும் கவுண்டர் ஒன்று கூடிவிடுகிறது என்று வையுங்கள். சிமுலேஷனில் இது எப்போதாவது நடந்தாலும், பல லட்சம் கிளாக் தாண்டி வேறெங்கோ தப்பான டேட்டாவாகத்தான் தலைகாட்டும். பின்னோக்கித் தேடியே நாள் போய்விடும். மாடல் செக்கரோ ரீசெட்டிலிருந்து பிழை வரைக்குமான மிகக் குறுகிய பாதையை வேவ்ஃபார்மாகத் திறந்து வைக்கும். ஆழம் நான்கே இடமாக வைத்த ஃபிஃபோ என்றால் நான்கு எழுத்து, அடுத்த கிளாக்கில் எழுத்தும் வாசிப்பும், உடனே அசர்ஷன் சிவப்பு. டிசைனர் பக்கத்தில் நின்று அரை நிமிடம் பார்த்தாலே போதும், வாதமே இருக்காது.

சாஃப்ட்வேரில் இதற்கு நிகரான சம்பவம் அமேசான் வெப் சர்வீசஸில் நடந்தது. லெஸ்லி லாம்போர்ட் உருவாக்கிய டிஎல்ஏ+ மொழியில் டைனமோடிபி என்ற தரவுத்தளத்தின் டிசைனை எழுதி மாடல் செக்கரில் ஓட்டியபோது, டேட்டா தொலைந்துபோகக்கூடிய ஒரு பிழை வெளிப்பட்டது. அதை வரவழைக்கும் மிகக் குறுகிய பாதையே 35 படிகள். டிசைன் ரிவ்யூ, கோட் ரிவ்யூ, விரிவான டெஸ்டிங் எல்லாவற்றையும் தாண்டி வந்த பிழை அது. 35 படிகளில் செயலிழப்பும் மீட்பும் சரியான வரிசையில் பின்னிக்கொள்ளும் ஒரு காட்சியை எந்த டெஸ்ட் எழுதுபவரும் தானாக யோசித்துவிட முடியாது. அதற்காக அவரைக் குறை சொல்லவும் முடியாது.

சரி, நிரூபணத்தின் எல்லைக்கு வருகிறேன். பைனரி சர்ச் எல்லோரும் படித்தது. நடு இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு முனைகளையும் கூட்டி இரண்டால் வகுப்போம். கணிதத்தில் இது சரி, நிரூபணமும் உண்டு. ஆனால் ஜாவாவில் இன்ட் என்பது 2147483647-க்கு மேல் போகாது. வரிசையில் நூறு கோடிக்கும் மேற்பட்ட உறுப்புகள் இருந்தால் அந்தக் கூட்டல் எல்லை தாண்டி எதிர்ம எண்ணாகிவிடும். ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே பல ஆண்டுகள் இருந்த இந்தப் பிழையை ஜோஷுவா ப்ளாக் 2006-ல் விளக்கி எழுதினார். நிரூபணத்தில் தப்பில்லை. நிரூபித்தது முடிவில்லாத முழு எண்களுக்கு, ஓடியது 32 பிட் எண்களில். எதைப் பற்றி நிரூபித்தோம் என்பதுதான் எப்போதும் கேட்க வேண்டிய கேள்வி.

இதை மிக நேர்மையாகச் செய்தவர்கள் என்று நான் மதிப்பது சிட்னியில் செல்4 கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதியை) நிரூபித்த குழுவை. 2009-ல் சுமார் 8700 வரி சி நிரலுக்கு, ஏறத்தாழ இரண்டு லட்சம் வரி நிரூபணம். அதோடு கம்பைலர், அசெம்ப்ளி வரிகள், பூட் கோட், ஹார்ட்வேர் ஆகியவற்றைச் சரி என்று எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று கட்டுரையிலேயே எழுதி வைத்தார்கள். பிறகு கம்பைலரை நம்ப வேண்டிய தேவையையும் தனி நிரூபணத்தால் நீக்கினார்கள். ஹார்ட்வேர் பற்றிய எச்சரிக்கை வீணில்லை என்பதை 2018-ல் வெளியான ஸ்பெக்டர் என்ற சிப் பாதுகாப்புக் குறை காட்டியது. சிப் ஊகித்து ஓட்டும் கட்டளைகள் கேஷ் என்ற வேக நினைவகத்தில் விட்டுப்போகும் தடயத்தை நேரம் அளந்தே கறந்துவிடலாம் என்றால், நேரமே இடம்பெறாத மாதிரியில் செய்த எந்த நிரூபணமும் அதைத் தடுக்கும் என்று சொல்ல முடியாது.

உங்கள் டீமுக்கு நான் சொல்வது இதுதான். டெஸ்ட்களை நிறுத்தாதீர்கள். ஆர்பிட்டர், ஃபிஃபோ, லாக், ரீட்ரை, கேஷ் என்று பல விஷயங்கள் ஒரே நேரத்தில் நடக்கும் சின்னப் பகுதி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஹார்ட்வேர் என்றால் சிம்பியோசிஸ் (SymbiYosys) என்ற டூல், ப்ரோட்டோகால் அல்லது டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம் என்றால் டிஎல்ஏ+ அல்லது ஸ்பின் என்ற மாடல் செக்கர், எல்லாமே இலவசம். அடிப்படை வேண்டுமானால் சென்னைக் கணிதவியல் கழகத்தின் பி. ஸ்ரீவத்சன் நடத்திய மாடல் செக்கிங் பாடம் இணையப் பாடத் தளமான என்பிடிஇஎல்-ல் காணொளியாகவே இருக்கிறது, காசு கொடுத்துப் போகும் பல பயிற்சிகளைவிட அது மேல். விதிகளை அந்தப் பகுதியை எழுதியவரே எழுத வேண்டாம், அதைப் பயன்படுத்துகிறவர் எழுதட்டும். முதல் நிரூபணம் வந்ததும் டிசைனில் வேண்டுமென்றே ஒரு பிழையை நுழைத்து மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் டூல் பச்சை காட்டினால், உங்கள் விதிகளில் எங்கே ஓட்டை என்று தேட ஆரம்பிக்கலாம்.