சக்கர நாற்காலியில் இருக்கும் அப்பாவுக்கு மரச்செதுக்கல் சரிவருமா?

பெங்களூரில் இருக்கும் உங்கள் அப்பா 68 வயதில் மரம் செதுக்கப் பழகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் பழகலாம். கையில் ஓரளவு பலம் இருந்தால் போதும், கால்களுக்கு இதில் வேலையில்லை.

மரம்தான் முக்கியம். தேக்கில் தொடங்கினால் மணிக்கட்டு வலித்து வெறுத்துப்போகும். சென்னபட்டணா ஊரில் பொம்மைகள் செய்யப் பயன்படுத்தும் வெட்பாலை மரம் மென்மையானது, இழையும் நெருக்கம். அந்த ஊர் பெங்களூரிலிருந்து சுமார் 60 கி.மீ.தான், ஒருநாள் அப்பாவையும் அழைத்துப் போங்கள்.

கட்டையை மடியில் வைத்துச் செதுக்கவே கூடாது. நாற்காலி உள்ளே நுழையும் உயரத்தில் மேசை போட்டு, கட்டையை அசையாமல் பிடிக்கும் கிளாம்ப்பில் இறுக்குங்கள். உளி எப்போதும் கூராக இருக்கட்டும். மொக்கை உளியை அழுத்தித் தள்ளும்போதுதான் அது வழுக்கிக் கையைக் கிழிக்கும்.

பெங்களூர் அல்சூரில் என் மாமா இப்படித்தான் தொடங்கினார். முதல் மூன்று மாதம் வெறும் கரண்டிகள். இப்போது பேத்திக்கு யானை செதுக்குகிறார், சாப்பிடக் கூப்பிட்டாலும் "இரும்மா, தும்பிக்கை முடியட்டும்" என்கிறார்.