ஒன்பது குழிக்கு எத்தனை புத்தகம்?

தம்பி, உங்க கேள்வியை வலங்கைமான்ல அம்மா வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து படிச்சேன். இங்கிலாந்துல லீட்ஸ் வந்து எட்டு மாசம் ஆச்சு, அரை அலாட்மென்ட் (காய்கறி போட வாடகைக்கு விடற துண்டு நிலம்) கிடைச்சிருக்கு, நீடாமங்கலத்துல வயலோட வளர்ந்தவன், எந்தப் புத்தகம் வாங்கலாம், ஓடையோரம் கீரை பறிச்சா யாராவது கேட்பாங்களான்னு கேட்டிருக்கீங்க. எட்டே மாசத்துல நிலம் கிடைச்சது யோகம்தான். லெஸ்டர்ல நான் மூணு வருஷம் காத்துக்கிடந்தேன்.

முழு அலாட்மென்ட் பிளாட்டுன்னா அங்கே பத்து ராடு, சுமார் 250 சதுர மீட்டர். உங்களுது அதுல பாதி, நம்ம தஞ்சாவூர்ப் பக்கத்து நில அளவுல ஒன்பது குழி சொச்சம். நூறு குழி ஒரு மான்னு பேசி வளர்ந்தவங்களுக்குச் சிரிப்பு வரும். மே மாசம் களை எடுக்க உட்காரும்போது வராது.

வளர்ப்புப் புத்தகம் அப்புறம். முதல்ல செடி அடையாளம் சொல்ற புத்தகம் வாங்குங்க. ஏன் சொல்றேன்னா, இப்பதான் அம்மா வரப்புல இருந்து மடி நிறைய கீரையோட வந்தாங்க. நாலு இலை ஆரை, அதுக்குள்ள கலந்து வந்த மூணு இலை புளியாரை, கொஞ்சம் பொன்னாங்கண்ணி. என்கிட்ட பேச்சுக் கொடுத்துக்கிட்டே, குனிஞ்சுகூடப் பார்க்காம விரலாலேயே பிரிச்சுப் போடறாங்க. நாமளும் அதைப் பார்த்து வளர்ந்தவங்கதானேன்னு ஒரு தைரியம் வரும் பாருங்க, அங்கே அதுதான் ஆபத்து.

அங்கத்திய ஓடைக்கரையில, ஈரமான பள்ளத்துல, பச்சைப்பசேல்னு கொத்தமல்லி மாதிரியே ஒண்ணு தழைச்சு நிக்கும். ஹெம்லாக் வாட்டர் டிராப்வோர்ட்னு பேரு. இலை, தண்டு, கிழங்கு எல்லாமே விஷம், ஆளையே கொல்லும். வாய்க்கால் ஓரம் கண்டதைக் கிள்ளிப் பழகின கைக்கு அது வல்லாரை மாதிரி சாதுவாத்தான் தெரியும். காட்டுப்பூண்டும் அப்படித்தான். ஏப்ரல்ல மரத்தடி முழுக்க மணக்கும், துவையலுக்கு அருமை. ஆனா லில்லி ஆஃப் தி வேலி இலையும் பார்க்க அதே மாதிரி, அது விஷம். மோந்து பார்த்துப் பறிக்கலாம்னு சொல்வாங்க. நாலு இலை பறிச்சதுமே கையெல்லாம் பூண்டு வாசம், அப்புறம் எதை மோந்தாலும் பூண்டுதான்.

அதனால ரெண்டு புத்தகம். ரிச்சர்ட் மேபி 1972-ல எழுதின ‘ஃபுட் ஃபார் ஃப்ரீ’, சட்டைப்பையில போட்டுக்கிற அளவுல குட்டிப் பதிப்பும் இருக்கு. இன்னொண்ணு ஜான் ரைட்டோட ‘ஹெட்ஜ்ரோ’. விஷச்செடிகளையும் காட்டுறார், அதுக்காகவே வாங்கலாம். ரெண்டுலயும் பார்த்து, ரெண்டும் ஒத்துப்போனாத்தான் சட்டியில போடுங்க. போன்ல படம் எடுத்துப் பேர் கேட்கறதை நம்பிச் சாப்பிடாதீங்க. காளான் பக்கம் முதல் அஞ்சு வருஷம் போகவே வேணாம்.

யாராவது கேட்பாங்களான்னீங்களே. 1968 திருட்டுச் சட்டப்படி, தானா முளைச்ச செடியில இலை, பூ, பழம், காளான் வீட்டுக்குன்னு பறிச்சா திருட்டு இல்லை. விக்கறதுக்குப் பறிச்சா திருட்டு. நிலத்துக்காரர் சம்மதம் இல்லாம வேரோட பிடுங்கினா அதுவும் குற்றம், அது 1981 சட்டம்.

அடையாளம் தெரிஞ்சா லாபமும் உண்டு. பக்கத்து பிளாட் பெரியவர் ஒருத்தர் ஜூன்ல கத்தை கத்தையா ஒரு களையைப் பிடுங்கி உரக்குழியில போட்டுக்கிட்டு இருந்தார். ஃபேட் ஹென்னாம். இலைக்கு அடியில மாவு தூவின மாதிரி வெள்ளை, தண்ணி பட்டா ஒட்டாம உருண்டு ஓடும். புத்தகத்தைப் புரட்டினா நம்ம சக்கரவர்த்திக் கீரை! அன்னைக்கு ராத்திரி எங்க வீட்டுல பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு.

இனி வளர்ப்புப் புத்தகம். இதுல நான் ஒரு தப்பு பண்ணினேன். இயற்கை விவசாயம் சொன்ன நம்மாழ்வார் பிறந்த இளங்காடு நம்ம தஞ்சாவூர் ஜில்லாதானே, மண்ணை வைக்கோல், சருகால மூடி வைக்கற மூடாக்கு, மூடாக்குன்னு கேட்டே வளர்ந்தவ நான். முதல் வருஷமே வைக்கோல் வாங்கிப் பாத்தி முழுக்கப் பரப்பினேன். நம்ம ஊர் வெயிலுக்கு அது ஈரம் காக்கும். அந்த ஊர் மழைக்கு? நத்தைக்கும் ஓடில்லா நத்தைக்கும் மெத்தை விரிச்சு வச்சேன். ஒரே வாரத்துல பீன்ஸ் நாத்தெல்லாம் வெறும் குச்சி. சாமர்செட்ல கொத்தாம உழாம காய் விளைவிக்கிற சார்லஸ் டவுடிங்கோட புத்தகத்தை அப்புறம்தான் படிச்சேன். அவரும் மூடாக்குதான் சொல்றார், ஆனா ஈரமான ஊர்ல வைக்கோல் வேணாம், மக்கின உரத்தைப் பரப்புங்கறார். அவர் புத்தகம் எது கிடைச்சாலும் வாங்குங்க. ஹெஸ்ஸாயனோட ‘வெஜிடபிள் எக்ஸ்பர்ட்’ பழைய பிரதி சாரிட்டி கடைகள்ல சல்லிசா கிடைக்கும். படமும் விதைப்பு மாசமும் நல்லா இருக்கும், மருந்தடிக்கச் சொல்ற பக்கத்தை மட்டும் விட்டுடுங்க. அதுல பல மருந்து இப்ப தடை.

நான் அதிகமாப் புரட்டினது ஜாய் லார்க்காமோட ‘ஓரியன்டல் வெஜிடபிள்ஸ்’. 1991-ல வந்தது. பாக் சாய், சீன முட்டைகோஸ் வகையெல்லாம் வசந்தத்துல போட்டா பகல் நீள நீளப் பூத்துப் போயிடும், நீண்ட பகல் கழிஞ்ச பிறகு, ஜூலை வாக்குல விதைங்கன்னு சொல்றாங்க. அதாவது ஆடிப்பட்டம்! அதைப் படிச்சிட்டு அம்மாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். பீன்ஸ், பூசணிக்கு மட்டும் ஆடி வரைக்கும் காத்திருக்காதீங்க, மே கடைசியில பனி விட்டதும் வெளியில வச்சிடுங்க.

கடைசியா, ஊர்லேர்ந்து விதைப் பொட்டலம் முடிஞ்சு கொண்டு போகாதீங்க. தாவர நலச் சான்றிதழ் இல்லாம விதை உள்ளே விடமாட்டாங்க. மல்லியும் வெந்தயமும் அங்கேயே மளிகைக் கடையில வாங்கி விதைச்சாலே முளைக்கும். மல்லியை மட்டும் சப்பாத்திக் கட்டையால லேசா உருட்டி ரெண்டா உடைச்சுட்டுப் போடுங்க.