'சைக்கிள்காரர் உள்ளே வந்துவிட்டார்' என்று டிரைவர் சொன்னால்…

கேள்வி: பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலைக்கு வேன் ஒப்பந்தம் எடுத்து நடத்துகிறேன். கிராமங்களிலிருந்து தொழிலாளர்களை ஷிப்டுக்கு ஏற்றி இறக்கும் வேலை. போன மாதம் எங்கள் வேன் ஒன்று சைக்கிளில் போன பெரியவரை ஒட்டி முந்தியதில் அவர் கீழே விழுந்துவிட்டார். நல்லவேளை, முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. "அவர்தான் திடீரென்று உள்ளே வந்தார்" என்கிறார் டிரைவர். எல்லா டிரைவர்களையும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க நினைக்கிறேன். எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது?

பதில்: உங்கள் டிரைவர் பொய் சொல்லியிருக்க மாட்டார். சைக்கிள் உள்ளே வந்துதான் இருக்கும். ஏன் வந்தது என்பதுதான் அவருக்குத் தெரியாது. பயிற்சியை அங்கிருந்து தொடங்குங்கள். ஜாக்கிரதையாக ஓட்டுங்கள் என்று ஒரு மணி நேரம் பேசினால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

உங்கள் வேன் போகும் சாலையில் தார் முடியும் இடத்தை இறங்கி நின்று பாருங்கள். பல இடங்களில் தாருக்கும் மண்ணுக்கும் நடுவே நாலு விரல் உயரத்துக்கு விளிம்பு இருக்கும். ஹாரன் அடித்தால் சைக்கிள்காரர் மண்ணில் இறங்கிக்கொள்வார் என்று வேன்காரர் நினைக்கிறார். இறங்கிவிட்டுத் திரும்ப ஏறும்போது முன்சக்கரம் அந்த விளிம்பில் உரசி வழுக்கும். ஆள் சாலைப் பக்கமாகத்தான் சாய்வார். பட்டு அறிந்தவர் தாரை விட்டு இறங்கவே மாட்டார். தார் ஓரத்திலோ மணல், கண்ணாடிச் சில்லு, குழி. அவற்றைத் தவிர்க்க ஒன்றரை அடி உள்ளே வளைந்தே ஆக வேண்டும். கேரியரில் புல்லுக்கட்டு இருந்தால் ஆட்டம் இன்னும் கூடும். வேகமாகத் தாண்டும் வேனின் காற்றும் தள்ளும். கிட்டே வந்து காதருகில் ஹாரன் அடித்தால் திரும்பிப் பார்ப்பார். தலை திரும்பும் பக்கம் ஹேண்டில்பாரும் திரும்பும். அடிப்பதானால் தூரத்திலேயே ஒரு முறை மெல்ல அடிக்கட்டும்.

அதனால் சைக்கிளை முந்தும்போது ஒன்றரை மீட்டர் இடைவெளி வேண்டும். ஜெர்மனியில் ஊருக்குள் 1.5 மீட்டர், ஊருக்கு வெளியே 2 மீட்டர் என்று விதியாகவே வைத்திருக்கிறார்கள். இதை வாயால் சொன்னால் பதியாது. வேனை ஷெட்டில் நிறுத்தி, இடது சைடு மிரரின் நுனியிலிருந்து ஒன்றரை மீட்டர் அளந்து சுண்ணாம்பால் கோடு போடுங்கள். கோட்டில் ஒரு சைக்கிளை நிறுத்தி, ஒவ்வொரு டிரைவரையும் சீட்டில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். இதுவரை எவ்வளவு ஒட்டிப் போயிருக்கிறோம் என்பது அங்கே தெரிந்துவிடும். எதிரில் வண்டி வந்து அந்த இடைவெளி கிடைக்காவிட்டால் சைக்கிளுக்குப் பின்னால் பொறுத்துப் போக வேண்டும். அதில் போவது சில விநாடிகள்தான். முந்திய கையோடு இடதுபக்கம் வெட்டி ஆளை ஏற்ற நிறுத்துவதை முற்றிலும் தடைசெய்யுங்கள். நிறுத்தம் பக்கத்தில் இருந்தால் சைக்கிள் போன பிறகு ஒதுங்கட்டும்.

அடுத்தது வேகம். இதையும் காலி மைதானத்தில் அளந்தே காட்டலாம். ஒரு ஆளைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் வேன் காய்ந்த சாலையில் சுமார் 18 மீட்டரில் நின்றே விடும். 60-இல் வரும் வேன் அதற்குள் பிரேக்கையே தொட்டிருக்காது. அந்த ஒன்றரை விநாடியில் மட்டும் 25 மீட்டர் ஓடிவிடும். மோதும் ஆற்றல் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. இந்த இரண்டு தூரத்துக்கும் தரையில் கோடு போட்டுவிட்டு டிரைவர்களை நடந்து பார்க்கச் சொல்லுங்கள்.

நடப்பவர்கள் பக்கம் வருவோம். ஏழு மீட்டர் அகலச் சாலையைக் கடக்க நம்மைப் போன்றவருக்கு ஆறு விநாடி போதும். மெல்ல நடக்கும் பாட்டிக்கு ஒன்பது விநாடி ஆகும். அந்த ஒன்பது விநாடியில் 60-இல் வரும் வேன் 150 மீட்டர் வந்துவிடும். பாட்டி கால் வைத்தபோது வேன் உண்மையிலேயே தூரத்தில்தான் இருந்தது. பாதிச் சாலையில் அவரைக் கண்டதும் ஹாரன் அடிப்பது கொடுமை. வேகத்தைக் குறைக்க வேண்டியது நாம். நின்றிருக்கும் பஸ்ஸைத் தாண்டும்போது, அதன் முன்னாலிருந்து ஒருவர் வெளிவருவார் என்றே எண்ணி ஊர்ந்து போகட்டும். சிக்னல் இல்லாத ஜீப்ரா கிராஸிங்கில் நடப்பவருக்கு வழிவிட்டு நிற்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. அதை யாரும் மதிப்பதில்லை என்பது டிரைவருக்குச் சாக்காகாது.

"அவங்க ஏன் ரோட்டுல நடக்குறாங்க?" என்று யாராவது கேட்பார்கள். நடைபாதை இல்லை, அதனால் நடக்கிறார்கள். தடையில்லாத நடைபாதை வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொன்னது. அந்த வழக்கைத் தொடுத்தவர் உங்கள் பக்கத்துக் கோயம்புத்தூரின் எலும்பியல் மருத்துவர் எஸ். ராஜசேகரன். நடைபாதை வரும்வரை சாலை ஓரம்தான் அவர்கள் வழி.

கதவு விஷயம் சின்னது, ஆனால் மறந்துவிடாதீர்கள். டிரைவர் தன் கதவை இடது கையால் திறந்து பழகட்டும். உடம்பு தானாகத் திரும்பி, பின்னால் வருபவர் கண்ணில் படுவார். தொழிலாளர்கள் இறங்கும் இடப்பக்கம்தான் சைக்கிள்கள் வரும் பக்கம். மிரரைப் பார்த்து டிரைவர் சொன்ன பிறகே அந்தக் கதவு திறக்க வேண்டும்.

சரி, இவற்றையெல்லாம் எப்படி மனதில் பதியவைப்பது? டிரைவர்களைச் சைக்கிளில் ஏற்றுங்கள். லண்டனில் லாரி ஓட்டுநர்களுக்கு நடக்கும் ஒரு பயிற்சியில் வகுப்போடு சைக்கிள் ஓட்டுவதும் பாடமாகவே உண்டு. நீங்களும் கூட்டமில்லாத காலை நேரத்தில், அவர்கள் தினமும் வேன் ஓட்டும் வழியில் சில கிலோமீட்டர் மிதிக்கச் சொல்லுங்கள். கேரியரில் கொஞ்சம் பாரம் இருக்கட்டும். ஒரு லாரி உரசிக்கொண்டு போனதை ஒரு முறை அனுபவித்தவருக்கு நீங்கள் அதிகம் விளக்க வேண்டியிருக்காது.

ஒன்று மட்டும் உங்களிடம் நேராகக் கேட்க வேண்டும். ஷிப்டுக்கு ஐந்து நிமிடம் தாமதமானால் டிரைவரின் சம்பளத்தில் பிடிக்கிறீர்களா? பிடித்தால், மேலே சொன்ன எந்தப் பாடமும் நிற்காது. அவரை வேகமாக ஓட்டச்சொல்வது உங்கள் நேர அட்டவணைதான். வேன் புறப்படும் நேரத்தைப் பத்து நிமிடம் முன்னால் வையுங்கள். தாமதத்துக்கு அபராதம் வேண்டாம் என்று ஆலையிடமும் பேசுங்கள்.

அப்புறம், வாரம் ஒரு முறை டீ குடிக்கும்போது, மயிரிழையில் தப்பிய சம்பவம் ஏதும் உண்டா என்று கேளுங்கள். சொன்னவரைத் திட்டாதீர்கள். எந்த வளைவு, எந்த நேரம், எந்தப் பள்ளி வாசல் என்று குறித்துவைத்து, அந்த இடத்துக்கு என்ன வேகம் என்பதை அவர்களே முடிவுசெய்யட்டும். விழுந்த பெரியவரை இன்னும் போய்ப் பார்க்கவில்லையென்றால், அந்த டிரைவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். எதைத் தவிர்க்க உள்ளே வந்தார் என்று அவரே சொல்வார்.